மெலிந்த மண்ணும் அவரையின் வேரும்



அவரையினப் பயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளிற் சேர்ப்பன. ஆகவே அவற்றுக்குப் பசளையே வேண்டியதில்லை என நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அஃது அரை உண்மை. பொசுபரசு குன்றிய மண்ணில் அம்முடிச்சுகளே நலிந்துவிடும். பொசுபரசோ நீரோடு ஓடிவருவதன்று. மேல்மண்ணில் ஒட்டிக் கிடப்பது. வேர்தான் அதனைத் தேடிச் செல்லல் வேண்டும்.

மொசாம்பிக் நாட்டில், நம் போஞ்சியின் இனத்ததாகிய அவரையை ஆய்வாளர் ஆராய்ந்தனர். சில வகைகளின் வேர் மேல்மண்ணிலே பரவுகின்றது. சிலவற்றுக்கு வேர்மயிர் நீளம். இவ்விரு குணங்களும் ஒரே செடியிற் கூடியபோது கிடைத்த பயன், தனித்தனிப் பயன்களின் கூட்டுத்தொகையிலும் இருமடங்கு என 2015இல் வெளியிட்டனர். புதிதாய்ப் படைத்த குணங்களல்ல, விதைகளுக்குள்ளேயே கிடந்தவை. ஆயினும் மேலே பரவும் வேர் வறட்சியில் வாடும். எனவே மழையை நம்பிய நிலத்துக்கு அதனை அப்படியே கொண்டுவருதல் தகாது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடைசெய்தபோது நாம் பட்ட பாட்டை மறந்தோமல்லோம். உழுந்திலும் பயறிலும் கௌபியிலும் வேரைப் பார்த்து இனம் தெரியுமாறு ஆராய்ச்சி நிலையங்களைக் கேட்போம். அதுவரை, பூக்கும் பருவத்தில் வகைக்குப் பத்துச் செடியை மண்வெட்டியாற் கெல்லி, வேரைக் கழுவி நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.