விசிட்டிங் கார்டு வேலை கொண்டு வருமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசித்த பழக்கம்தான் உண்டு, மேடைப் பேச்சு இதுதான் முதல் தடவை. எனக்குக் கொடுத்த தலைப்பு, "தொழில் செய்பவர்களுக்கு விசிட்டிங் கார்டு உதவுமா?" என்பது.

போன மாதம் எங்கள் குழுவில் இந்தப் பேச்சு வந்தபோது பாதிப் பேர், "அதெல்லாம் டவுன்காரங்களுக்குங்க, நமக்கெதுக்கு?" என்றார்கள். மீதிப் பேர், "ஆயிரம் கார்டு அடிச்சுட்டா வேலை தானா வரும்" என்றார்கள். இரண்டுமே சரியில்லை என்பதுதான் என் அனுபவம். எங்க வீட்டுக்காரர் பிளம்பிங்கும் மோட்டார் வேலையும் செய்கிறார். போன் எடுக்கறது, நோட்டுல எழுதறது, பாக்கி கேக்கறது எல்லாம் நான். அந்த நோட்டை வெச்சுத்தான் இன்னிக்குப் பேசறேன்.

புதுசா யார் போன் பண்ணினாலும், "எங்க நம்பர் யாருங்க கொடுத்தாங்க?" என்று கேட்டு, பேருக்குப் பக்கத்தில் எழுதி வைப்பேன். அதைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாத் தெரியுது. டீக்கடையில் வைத்த கார்டைப் பார்த்து வந்தவர்கள் அபூர்வம். கல்யாண வீட்டில், திருவிழாவில் கை நிறையக் கொடுத்த கார்டைப் பார்த்து யாரும் வந்ததா எழுதவே இல்லை. "எங்க பெரியம்மா வீட்டுல வேலை செஞ்சீங்களாம், அவங்கதான் கார்டு கொடுத்தாங்க" என்று வந்தவர்கள்தான் அதிகம்.

யோசிச்சுப் பாருங்க. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் அந்த நேரம் குழாய் ஒழுகவில்லை. கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போடுவார். அது சட்டையோட தண்ணிக்குப் போயிரும். ஆனா வேலை நல்லா முடிஞ்சு, தொட்டியில தண்ணி விழறதைப் பார்த்துட்டு நிக்கற அம்மா கையில ரெண்டு கார்டு கொடுத்தா, ஒண்ணைக் காலண்டர் அட்டையில செருகுவாங்க. இன்னொண்ணை, பக்கத்து வீட்டம்மா "எங்க மோட்டாரும் சத்தம் போடுதுக்கா"ன்னு சொல்லறப்ப எடுத்துக் கொடுப்பாங்க. அதனால கார்டு கொடுக்க நல்ல நேரம், வேலை முடிஞ்சு காசு வாங்கற நேரம். ஒண்ணு கொடுக்கக் கூடாது, ரெண்டு கொடுக்கணும்.

"பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாசனை தெருவுக்குள்ள வரும், வாஸ்தவம்தான். நம்ம ஊருக்குள்ள வந்து "ஜாக்கெட் தைக்கற அக்கா வீடு எது?"ன்னு கேட்டா சின்னக் குழந்தையும் கூட்டிட்டு வந்து விடும். ஆனா பைபாஸ் பக்கம் புதுசா சைட் போட்டு வீடு கட்டி வந்திருக்காங்களே, வாடகைக்கு வந்திருக்காங்களே, அவங்களுக்கு நம்ம யாரையும் தெரியாது. நம்ம பேரு தெரியாத இடத்துலதான் கார்டுக்கு வேலை. நாம் செய்த வேலை நமக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறது. அந்தப் பேரை அடுத்த ஊருக்குச் சுமந்துகிட்டுப் போறது கார்டு. பேரே வாங்காதவங்க ஆயிரம் கார்டு அடிச்சாலும் அது வெறும் அட்டைதான்.

அடுத்து, எங்கே கொடுப்பது? தேவை எங்கே கிளம்புகிறதோ அங்கே. குழாய் வாஷர் வாங்க வருபவர் ஹார்டுவேர் கடைக்காரரிடம்தான், "நல்ல பிளம்பர் இருந்தா சொல்லுங்க" என்று கேட்பார். ஜாக்கெட் துணி எடுக்கறவங்க மேட்சிங் சென்டர்லதான், "யாருங்க நல்லாத் தைப்பாங்க?" என்று கேட்பார்கள். சமையல் வேலை எடுக்கிற சகோதரிகள் மண்டபத்து மேனேஜரிடமும், பந்தல் போடுறவரிடமும் கொடுத்து வைக்கணும். அதுவும் காலம் பார்த்துக் கொடுக்கணும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆனா ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலயே ஆள் தேடுவாங்க. தை மாசக் கல்யாணத்துக்கு மார்கழியிலயே பேசி முடிச்சிருவாங்க. நாம சும்மா உட்கார்ந்திருக்கற மாசம்தான் கார்டு கொடுக்கற மாசம்.

எங்க வீட்டுக்காரர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி மேலேயே பேரும் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிட்டு வருவார். மோட்டார் நின்னு போனா முதல்ல அங்கதானே போய் நிக்கறோம்? அட்டை ஈரத்துல ஊறிப் போகும், பிளாஸ்டிக் ஸ்டிக்கர் நிக்கும். அதுவும் கார்டுதான், ஒட்டின கார்டு. மசாலாப் பொடி, ஊறுகாய் போடற குழுக்களுக்கு அவங்க பாக்கெட் மேல ஒட்டற லேபிள்தான் கார்டு. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம் அதுல இருக்கணும்னு உங்களுக்குத் தெரியும். அதுக்குக் கீழயே போன் நம்பரும் தெளிவா இருந்தா, பொடி தீர்ந்த அன்னிக்கே போன் வரும்.

இப்போது கார்டில் என்ன போடுவது என்று பார்ப்போம். சிலர் கார்டில் சாமி படம், பூ படம், நாலு கலர் எல்லாம் இருக்கும். "எல்லா வேலைகளும் செய்து தரப்படும்" என்றும் இருக்கும். படிச்சு முடிச்சாலும் என்ன வேலை செய்யறாங்கன்னு தெரியாது. என்ன தொழில் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் போடுங்கள். எந்தெந்த ஊருக்கு வருவீர்கள் என்று போடுங்கள். போன் நம்பர், கண்ணாடி போடாத பாட்டிக்கும் தெரியற மாதிரி இருக்கணும்.

பின்பக்கத்தைச் சும்மா விடாதீங்க. கார்டைத் தூக்கிப் போடாம வெச்சுக்க அவங்களுக்கு ஒரு காரணம் வேணும். எலக்ட்ரீசியன் கார்டு பின்னால மின்வாரியப் புகார் எண் 94987 94987 போடலாம். கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்யறவங்க, கேஸ் கசிவுக்குக் கூப்பிடற 1906 போடலாம். கரண்ட் போனா கார்டைத் தேடுவாங்க, அப்ப நம்ம பேரும் கண்ணுல படும். தையல்காரங்க பளபளப்பு இல்லாத அட்டையில அடிச்சு, பின்பக்கம் அளவு நோட்டுப் பக்க எண்ணும் துணி கொடுக்கற தேதியும் பேனாவுல எழுதிக் கொடுக்கலாம். துணி வாங்க வர்ற வரைக்கும் அந்தக் கார்டு பத்திரமா இருக்கும்.

அச்சடிக்கும் விஷயத்திலும் கவனம் வேண்டும். சிவகாசியிலோ பக்கத்து டவுனிலோ ஆஃப்செட்டில் அடித்தால், பிளேட் செலவு ஒன்றுதான் என்பதால் 500-க்கும் 1000-க்கும் விலை வித்தியாசம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்த ஆசையில் முதலிலேயே ஆயிரம் வேண்டாம். டிஜிட்டலில் 100 கார்டு அடிச்சு, நாலு மாசம் கொடுத்துப் பாருங்க. அச்சுக்குப் போகும் முன் காட்டுகிற மாதிரியை வாங்கி, அதில் இருக்கும் நம்பரைப் பார்த்தே போன் போட்டுப் பாருங்கள். உங்க போன் மணி அடிச்சா மட்டும் சரின்னு சொல்லுங்க.

கார்டு கொடுத்தால் போதாது, போனை எடுக்க வேண்டும். எங்க வீட்டுக்காரர் போர்வெல் குழாயைக் கையில பிடிச்சிருக்கறப்ப போன் எடுக்க முடியாது. அதனால எங்க கார்டுல ரெண்டு நம்பர். ரெண்டாவது நம்பர் என்னுடையது. "வேலை பதிவுக்கு" என்று போட்டு, பக்கத்துல என் பேரும் இருக்கு. வர முடியாத நாள்ல, "இன்னிக்கு முடியாதுங்க, நாளைக்குக் காலையில வந்துருவார்"னு சொன்னாக்கூடக் காத்திருப்பாங்க. மணி அடிச்சு நின்னு போச்சுன்னா அடுத்த கார்டை எடுத்துருவாங்க.

சகோதரிகளே, இனிமேல் சொல்லப் போறதுக்காகத்தான் இந்தத் தலைப்பை நான் ஒத்துக்கிட்டேன். நம்ம குழுக்கள்ல தைக்கறாங்க, ஆரி போடறாங்க, சமைக்கறாங்க, பலகாரம் போடறாங்க. அவங்கள்ல பல பேர் கார்டை வாங்கிப் பார்த்தேன். தொழில் அவங்களது, கார்டுல இருக்கற பேரும் நம்பரும் வீட்டுக்காரருடையது!

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா 18 வருஷம் தைத்தார். நாலு ஊர்க் கல்யாணப் பெண்களுக்கு அவர் கை ஜாக்கெட்தான். கார்டில், துணிப்பையில், வீட்டு வாசல் போர்டில் எல்லாம் அண்ணன் நம்பர். அண்ணன் திடீர்னு தவறிட்டார். அந்த வீட்டில் இருந்த துக்கத்துல, அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போடணும்னு யாருக்குத் தோணும்? சில மாசம் போடாம விட்டதுல நம்பர் போயிருச்சு. இப்ப அது வேற யாரோ வெச்சிருக்காங்க. "ஜாக்கெட் தைக்கணுங்க"ன்னு கேட்டா "ராங் நம்பர்"னு வெச்சிடறாங்களாம். அக்காகிட்ட மெஷின் இருக்குது, கை இருக்குது, 18 வருஷப் பேரும் இருக்குது. அவங்களைத் தேடற நாலு ஊர்ச் சனத்துக்கு வழிதான் இல்லை. வருமானம் ரொம்பத் தேவைப்பட்ட நேரத்துல இப்படி ஆயிருச்சு. பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருத்தர் வீடா இப்ப நடந்து போய்ச் சொல்லிட்டு வர்றாங்க.

பொம்பளைங்க நம்பரைக் கார்டுல போட்டா கண்டவனும் கூப்பிடுவான் என்கிற பயம் எனக்குப் புரியாம இல்லை. அது நியாயமான பயம். அதுக்கு வழி நம்பரை மறைக்கறது இல்லைங்க. தொழிலுக்குன்னு உங்க பேர்ல தனி சிம் வாங்குங்க. "காலை 9 முதல் மாலை 6 வரை" என்று கார்டிலேயே போடுங்கள். மத்த நேரம் அந்தப் போன் அணைஞ்சே இருக்கட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் காசு இல்லாமக் கிடைக்குது, போன் ஆன்ல இருந்தும் நீங்க பதில் சொல்ல முடியாத நேரம் மெசேஜ் அனுப்பறவங்களுக்கு அதுவே வணக்கம் சொல்லி நேரத்தைச் சொல்லிடும். கதவு எண், போட்டோ கார்டுல வேண்டாம், ஊர்ப் பேரும் ஒரு அடையாளமும் போதும். தொந்தரவு செய்பவனை பிளாக் செய்யுங்கள். மீறினால் வீட்டில் சொல்லுங்கள், குழுவில் சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

கார்டுல க்யூஆர் கோடு போடறவங்க அது யார் கணக்குக்குப் போகுதுன்னு பாருங்க. உழைப்பு உங்களது, பணம் வேற கணக்குல விழுந்தா, நாளைக்குத் தொழில் கடன் கேக்கப் போறப்ப உங்க பாஸ்புக்குல காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. பேங்க் சாரும் இங்கதான் இருக்கார், நான் சொல்றது சரியான்னு அவரையே கேளுங்க. இன்னொன்று, பணம் அனுப்பத்தான் பின் நம்பர் போடணும். பணம் வாங்கறதுக்குப் பின் போடுங்கன்னு எவன் சொன்னாலும் ஏமாத்தறான். ஏமாந்து பணம் போயிருச்சுன்னா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

வீட்டுக்காரர் பேரை எடுத்துடுங்கன்னு நான் சொல்லலை. எங்க கார்டுல ரெண்டு பேரும் இருக்கோம். அவர் தொழிலுக்கு என் நம்பர் துணையா இருக்கற மாதிரி, உங்க தொழிலுக்கு அவர் நம்பர் துணையா ரெண்டாவது வரியில இருக்கட்டும். முதல் வரி, வேலை செய்யற கையோட பேரு.

கடைசியாக, கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருத்தரும் தனித்தனியா அடிச்சா செலவு அதிகம். எல்லாக் குழுவிலும் தொழில் செய்யும் உறுப்பினர்கள் பட்டியல் எடுத்து, ஒரே தடவையில் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தால் சலிசாக முடியும். அடுத்த ஆண்டு மலரில் நம் உறுப்பினர்கள் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று, சம்மதம் கொடுப்பவர்கள் பெயரையும் தொழில் நம்பரையும் இரண்டு பக்கத்தில் போடுங்கள். இங்கே இருக்கிற நமக்கே நம்மில் யார் கேக் செய்கிறார், யார் கூடை பின்னுகிறார் என்று தெரியவில்லை. முதல் வாடிக்கையாளர் நாமாகவே இருக்கலாமே!

நேரமாச்சுன்னு தலைவி அக்கா கையைக் காட்டறாங்க.