பின் தெருவில் வரப்போகும் கிளினிக்
(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் பின் தெருவில் காலியாக இருக்கும் மாடி வீட்டில் குடிநோய் சிகிச்சைக்கு ஒரு வெளிநோயாளி கிளினிக் வரப்போகிறது. "இது குடியிருப்புப் பகுதி, ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும்" என்று சி.எம்.டி.ஏ.வுக்கும் மாநகராட்சிக்கும் மனு கொடுப்பது இன்றைய தீர்மானம். அதில் "ஊருக்கு வெளியே" என்பதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுந்தேன்.

குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். அதற்கு மருத்துவர் வேண்டும். அது அடங்கிய பிறகுதான் நீண்ட வேலை ஆரம்பம். மாதக்கணக்கில் ஆலோசனைக்கு வரவேண்டும், மனைவியோ அம்மாவோ கூட வரவேண்டும். வேலை முடிந்து மாலையில் எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருந்தால் வருவார்கள். செங்கல்பட்டு தாண்டிப் போகச் சொன்னால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். 2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180க்கு ஒருவர்.

மதுக்கடைக்கு என்ன தூரம் என்று பாருங்கள். 2003ஆம் ஆண்டு விதிப்படி, மாநகராட்சி எல்லைக்குள் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 50 மீட்டர் தள்ளியிருந்தால் போதும். வணிகப் பகுதி என்று வகைப்படுத்திய இடமென்றால் அந்த 50 மீட்டரும் இல்லை. நம் கேட்டிலிருந்து கடைக்கு நடந்தே போய்விடலாம். வைத்தியத்துக்கு மட்டும் இரண்டு பஸ் மாற வேண்டுமா?

குழந்தைகள் இருக்கும் இடம், வீட்டு விலை இறங்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்கள். இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை பல பத்தாண்டுகளாக வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. கணவரை இளம் வயதிலேயே குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் தொடங்கிய அமைப்பு அது. 1992இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்திரா நகரில் இன்றைக்கு ஒரு கிரவுண்ட் வாங்க முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள், விலை இறங்கியதா ஏறியதா என்று தெரியும்.

இன்னொன்று. ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில் "மறுவாழ்வு மையம்" என்று போர்டு மாட்டி, உள்ளே அடித்தார்கள், ஆள் இறந்துபோனார் என்ற செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அங்கே கத்தினால் யார் காதில் விழும்? பக்கத்தில் நாலு வீடு இருப்பது நோயாளிக்கும் ஒரு பாதுகாப்பு.

வரப்போகிறவர் யாரோ எவரோ என்று நினைக்க வேண்டாம். வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்த பெண்கள் எல்லா மாதிரி வீடுகளிலிருந்தும் வந்தார்கள். இதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லச் சொல்லவில்லை. மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்போம். நாளைக்குப் படுக்கை போட்டு ஆட்களைச் சேர்த்தால் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். அது இல்லாமல் ஒரு கட்டில் போட்டாலும் முதல் புகார் மனுவை நானே எழுதுகிறேன். அதே சட்டம்தான் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனப் பாதிப்பையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, உடல் நோயாளிக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. மருத்துவர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார், வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள், ராத்திரி பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது, இவற்றையும் எழுத்தில் வாங்குவோம். பார்க்கிங் பிரச்சினை நிஜம். ஏற்கெனவே அந்தத் தெருவில் தண்ணீர் லாரி திரும்ப முடியவில்லை.

இந்தக் கேள்விகளை ஒரு பக்கக் கடிதமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மனுவை ஒரு மாதம் தள்ளிவைத்து, முதலில் இந்தக் கடிதத்தை அனுப்பலாம் என்பது என் திருத்தம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.