சருகினுள் வாழும் உயிர்



உதிர்ந்த இலையைச் சருகென்றும், பட்ட மரத்தை விறகென்றும் ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் ஈரச் சருகிலும் உளுத்த மரத்திலும் இறகு போன்ற சிறகுடைய நுண்வண்டுகள் வாழ்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதவை. 2015-இல் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பூஞ்சையில் எடுத்து அளக்கப்பட்ட ஒன்றின் நீளம் 0.325 மில்லிமீட்டர்! அறியப்பட்ட வண்டுகளுள் மிகச் சிறியது அதுவே. அச்சிற்றுடலிலும் ஆறு கால்கள் உண்டு; நரம்பு மண்டலம் உண்டு; நீண்ட மயிர்கள் விளிம்பு கட்டிய சிறகுகள் உண்டு. பூஞ்சையின் வித்துத்தூள் இவ்வண்டுகளின் உணவுகளுள் ஒன்று. முட்டை தாயுடலை நோக்க மிகப் பெரிதாகலின், மிகச் சிறிய இனங்களில் தாய்வண்டு ஒருமுறைக்கு ஒரு முட்டையே இடும்.

சருகை மண்ணாக்குவன பூஞ்சைகளும் எண்ணற்ற சிற்றுயிர்களுமே. நாமோ தூய்மை என்னும் பெயரால் அதைக் கூட்டித் தீயிடுகிறோம். வழியில் எறும்பைக் கண்டால் விலகி நடக்கும் நாம், அத்தீயில் மாள்வனவற்றை எண்ணுவதில்லை. கண்ணில் பட்ட உயிருக்கு இரங்குதல் எளிது. கண்ணில் படாத உயிருக்காகக் கையை அடக்குவதே கொல்லாமையின் முதிர்ச்சி.

ஆதலின் சருகை எரியாது, தோட்டத்தின் ஒரு மூலையில் மட்கவிடுங்கள். மண்ணும் வளம் பெறும், உயிரும் பிழைக்கும்.