அடைப்பது கொழுப்பு மட்டுமா?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயிலும் இப்படித்தான். பீடிப் புகை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு குழாயின் உள்சுவரைக் கெடுக்கும். கெட்ட கொழுப்பு உள்ளே நுழையும். அதை விழுங்க வெள்ளை அணுக்கள் ஓடிவரும். விழுங்கி விழுங்கி உப்பி, அங்கேயே தங்கிவிடும். அதுதான் அடைப்பின் ஆரம்பம்.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு அழற்சி புதிதல்ல. தங்கச் சுரங்கத்தில் கல் தூசியை விழுங்கிய இதே வகை அணுக்கள்தான் நுரையீரலைத் தழும்பாக்கின. சிலிக்கோசிஸ் என்றார்கள். 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி காற்றில் வருகிறதே! நுண்தூசியும் ரத்தக் குழாயில் அழற்சியைத் தூண்டும்.

காற்றடித்தால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பீடியை விடுங்கள். சர்க்கரையை, பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடைப்பது கொழுப்பு மட்டுமல்ல, அழற்சியும்தான்.