மின்சாரமில்லாத குளிர்ச்சி



உச்சி வெயிலில் கிடக்கும் ஒரு பலகை, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறதென்றால் மாயம் என்பீர்கள். மாயம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையார், புகைப்படக் காகிதத்தை வெளுப்பாக்க உதவும் பேரியம் சல்பேட்டைக் கொண்டே ஒரு வெள்ளைப் பூச்சு செய்து 2021-ல் வெளியிட்டார்கள். அது, விழும் வெயிலில் 100-க்கு 98 பங்கைத் திருப்பிவிடுகிறது. தன் உஷ்ணத்தையும், காற்றுமண்டலம் தடுக்காத கதிராக ஆகாயத்துக்கு அப்பால் அனுப்பிவிடுகிறது. வரவு குறைவு, செலவு அதிகம், ஆகவே குளிர்கிறது. மின்சாரச் செலவு ஒரு காசுமில்லை.

குளிர் யந்திரமோ, பணக்காரன் அறையின் உஷ்ணத்தை ஏழை நடக்கும் தெருவில் கொட்டுகிறது. மேகமும் ஈரமும் மிகுந்தால் இப்பூச்சின் பலன் குறையும் என்பதும் உண்மையே. ஆனாலும், தகரக் கூரையின் கீழ் வேகும் மனிதனுக்கு எட்டாவிட்டால் இந்த அறிவால் யாருக்கு லாபம்? யோசித்துப் பாருங்கள்.