கையும் கடிகாரமும்

கைக்கடிகாரம் ஒருவருடைய கைக்குப் பெரியதா, அளவானதா என்று எங்ஙனம் முடிவு செய்வது? இதுவும் ஒரு வினாவா என்று மாணவ நேயர்கள் நகைக்கலாம். ஆயினும், தேர்வில் தேறிய பிள்ளைக்கு வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து முதற் கடிகாரம் வாங்கித் தரும் பெற்றோர் இன்றும் பலர். அது பத்தே நாளில் அலமாரிக்குள் போய்விடுமாயின் வருத்தம் சிறிதன்று.

கடையில் கேட்டால் கூட்டின் குறுக்களவைச் சொல்வார்கள்: 36, 40, 44 மில்லிமீட்டர் என்று. அந்த எண் பாதிச் செய்தியையே தருவது என்பது என் கருத்து. வட்டமான கூட்டின் மேலும் கீழும், வாரைப் பிணைப்பதற்காகக் காதுகள் நீண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மேற்காதின் நுனி முதல் கீழ்க்காதின் நுனி வரையுள்ள நீளமே மணிக்கட்டின் குறுக்கே கிடப்பது. 40 மில்லிமீட்டர்க் கடிகாரங்கள் இரண்டனுள், ஒன்றின் நீளம் 46 ஆகவும் மற்றொன்றன் நீளம் 51 ஆகவும் இருத்தல் கூடும். முன்னது படிந்து கிடக்கும் கையில் பின்னது பலகை போல நீட்டிக்கொண்டிருக்கும்.

இனிக் கையைப் பாருங்கள். மணிக்கட்டு உருண்டையானதன்று. முன்கை எலும்புகள் இரண்டும் அருகருகே கிடப்பதால், மேற்புறம் ஓரளவு தட்டையாகவும் பக்கங்கள் வளைந்தும் இருக்கின்றன. நூலைச் சுற்றி அளப்பது வாரின் நீளத்துக்கு உதவும். கூட்டின் அளவுக்கு அத்துணை உதவாது. சுற்றளவு ஒன்றாகவே உள்ள இருவருள் ஒருவருக்கு மேற்புறம் அகன்றும் மற்றவருக்குக் குறுகியும் இருக்கலாம் அன்றோ? ஆதலால் அந்தத் தட்டைப் பகுதியின் அகலத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். காதுகளின் நுனி அதனைத் தாண்டுமாயின் கடிகாரம் பெரிது.

அளவுகோல் இல்லையெனில் கட்டிப் பாருங்கள். வார், காதிலிருந்து இறங்கிக் கையைத் தழுவிச் செல்ல வேண்டும். காதின் அடியில் இடைவெளி தெரிந்தாலோ, நடக்கும்போது முகப்பு உள்ளங்கைப் பக்கம் சுழன்றாலோ ஐயமே வேண்டா. பின்பு, மேசையில் ஊன்றி எழுபவர் போலக் கையைப் பின்புறம் மடக்குங்கள். சாவி கொடுக்கும் குமிழ் புறங்கையில் அழுந்தினால், மூன்று மணி நேரத் தேர்வில் அது உங்களை அமைதியாக இருக்க விடாது. தடித்த கூடாயின் சட்டைக் கையிலும் சிக்கும்.

கைபேசியில் படம் எடுத்துப் பார்த்து மனம் தளர்வோரும் உளர். மிக அருகில் வைத்து எடுக்கும் படம், முன்னிற்கும் பொருளை இயல்பினும் பெரிதாகக் காட்டும். நிலைக்கண்ணாடி முன் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே நேர்மையான சோதனை.

பெருங்கடிகாரங்கள் தக்க காரணத்தோடு தோன்றியவை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய வானோடிகளுக்காகச் செய்யப்பட்டவை 55 மில்லிமீட்டர் அகலமுடையன. தடித்த மேற்சட்டையின் மேல் நீண்ட வாரால் கட்டப்பட்டவை. 1969ஆம் ஆண்டில் நிலவில் நடந்த ஆல்டிரின், ஏறத்தாழ 42 மில்லிமீட்டர்க் கடிகாரத்தை விண்ணுடையின் மேலேதான் கட்டியிருந்தார். வெறுங்கையில் கட்டும் நமக்கு அந்தக் காரணம் இல்லை. 1990களுக்குப் பின் பெரிய அளவு நாகரிகமாகிவிட்டது. அதனால் ஒரு விந்தையும் விளைந்தது. 1961ஆம் ஆண்டில் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் கடிகாரத் தொழிலைத் தொடங்கிய பின் வெளிவந்த ‘ஜனதா’, ஏறத்தாழ 35 மில்லிமீட்டரே. அன்றைய ஆடவர் அதனைக் குறைவாக எண்ணவில்லை. இன்றோ, பாட்டனார் விட்டுச்சென்ற அக்கடிகாரத்தைப் “பெண்கள் கடிகாரம்” என்று ஒதுக்கும் கல்லூரி இளைஞரை நான் கண்டிருக்கிறேன். அவரது மெலிந்த கைக்கு அதுவே பொருத்தமாயிருந்தது!

“வளரும் பிள்ளைதானே, பெரிதாகவே இருக்கட்டும்” என்று பெரியோர் சொல்வதுண்டு. சட்டைக்கு அது பொருந்தும். மடித்துத் தைத்துப் பின்னர்ப் பிரித்து விடலாம். கடிகாரத்திலோ வாருக்குத் துளை கூட்டலாம், உலோகப் பட்டையில் கண்ணிகளைக் கழற்றலாம். கூட்டினைக் குறைக்க வழியில்லை. கடைக்குச் செல்லும்போது சட்டைப்பையில் ஒரு சிறு அளவுகோல் இருக்கட்டும். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார்.