இருமுறை உரைத்த விடை

எபிரேய மறையில் வரும் எலியா என்னும் தீர்க்கதரிசி நெருப்பை ஒத்தவர். கர்மேல் மலையிலே பாகால் வழிபாட்டினர் 450 பேரைத் தனியொருவராய் எதிர்நின்று வென்றவர். ஆனால், அரசி யேசபேல் அவர் உயிரை வாங்குவதாகச் சூளுரைத்ததும், அவர் பாலைநிலத்துக்கு ஓடினார். 40 நாள் நடந்து ஓரேப் மலைக் குகையை அடைந்தார்.

அங்கே வந்த காரியம் என்னவென்று இறைவன் வினவினார். தாம் இறைவனுக்காக வைராக்கியம் கொண்டதையும், மக்கள் உடன்படிக்கையைக் கைவிட்டுப் பலிபீடங்களை இடித்துத் தீர்க்கதரிசிகளைக் கொன்றதையும், தாம் ஒருவரே எஞ்சியிருப்பதையும் எலியா கூறினார். பின்பு பெருங்காற்று வீசியது, நிலம் அதிர்ந்தது, தீ எழுந்தது. அவற்றுள் ஒன்றிலும் இறைவன் இல்லை. இறுதியில் மெல்லிய ஓசையொன்று கேட்டது. மீண்டும் அதே வினா எழுந்தது. எலியாவோ அதே குற்றச்சாட்டையே மறுபடியும் உரைத்தார்!

நேயர்களே, ஒரே வினா ஏன் இருமுறை எழ வேண்டும்? யூத உரையாசிரியர்கள் இவ்விடத்தில் நின்று சிந்தித்தார்கள். யாத்திராகமத்துக்கு எழுந்த 'மெகில்தா' என்னும் பழைய உரை மூன்று தீர்க்கதரிசிகளை ஒப்பிடுகிறது. தந்தை என்பது இறைவன். மகன் என்பது இஸ்ரவேல் மக்கள். எலியா தந்தையின் பெருமையை மட்டும் கருதினார். யோனா மகனின் பெருமையை மட்டும் கருதினார். எரேமியாவோ இருவர் பெருமையையும் போற்றினார்.

இதன் விளைவு என்ன? எலியாவின் இடத்துக்கு எலிசாவை ஏற்படுத்துமாறு கட்டளை பிறந்தது. எரேமியாவின் வாக்கோ இரட்டித்தது. யோயாக்கீம் மன்னன் அவருடைய ஏட்டுச்சுருளை எரித்தபோது, பாரூக் அதனை மீண்டும் எழுதினார். முன்பு இல்லாத பல சொற்களும் அதிலே சேர்ந்தன. எரேமியாவும் மக்களைக் கடிந்தவரே. ஆயினும் அவர்களுக்காகக் கண்ணீர் விட்டவர்.

எலியாவை மரபு தள்ளிவிடவில்லை. 'ரப்பி எலியேசரின் அதிகாரங்கள்' என்னும் நூல் சுவையான செய்தியொன்றைச் சொல்கிறது. உடன்படிக்கையை மக்கள் கைவிட்டனர் என்று முறையிட்டவர், இனி அவர்கள் அதனைக் காக்குந்தோறும் நேரில் வந்து காண வேண்டும் என்று விதிக்கப்பட்டதாம். அதனால், குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யும்போது, இன்றும் யூதர் எலியாவுக்கென ஓர் இருக்கை இடுகின்றனர். குற்றஞ்சாட்டியவர் சாட்சியாகிவிட்டார்! தண்டனை என்பதா, அருள் என்பதா? இரண்டும் என்றே தோன்றுகிறது.

எலியா சொன்னவை பொய்யல்ல. ஆனால் அவர் தம்மை ஒருவராகவே எண்ணியபோது, பாகாலுக்கு முழந்தாள் மடக்காதவர் 7000 பேர் நாட்டில் இருந்தனர். அவர்களை அவர் காணவில்லை. கடிந்துரைப்போர் சமூகத்துக்கு என்றும் தேவை. எனினும், பிறர் குறையை இரண்டாம் முறை எடுத்துரைக்குமுன், அந்த 7000 பேரை ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லதன்றோ?